சிறிய அரங்கின் ஒரு சீசன்: ஆறு நாடகமா, மூன்றா, மாறி மாறி இரண்டா?

எண்பது நாற்காலி போடக்கூடிய ஓர் அரங்கம் கையில் இருக்கிறது. எட்டு மாதங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகள் கிடைக்கும். நடிக்க, லைட் பார்க்க, வாசலில் டிக்கெட் கிழிக்க எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். இப்படி ஒரு குழு சீசனைத் திட்டமிட உட்கார்ந்தால், முதல் கேள்வி எப்போதும் ‘என்னென்ன நாடகம் போடலாம்?’ என்பதுதான். ஆளுக்கொரு நாடகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள். நானும் அப்படித்தான் போவேன். சில சீசன்களைப் பார்த்த பிறகு, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்கிறேன். எத்தனை நாடகம், ஒவ்வொன்றும் எத்தனை வாரம், ஒன்று முடிந்து ஒன்றா அல்லது மாறி மாறியா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சீசனின் வடிவம் தெரிந்துவிட்டால், பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

கணக்குக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம். எட்டு மாதம் என்றால் ஏறக்குறைய 34 வாரம். ஒரு முழுநீள நாடகத்துக்கு வாரம் நான்கு மாலை, மாலைக்கு மூன்று மணி நேரம், ஆறு வாரம் ஒத்திகை. அதாவது 24 மாலைகள், 72 மணி நேரம். பகல் வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இதற்குக் குறைவான நேரத்தில் ஒரு நாடகம் உருப்பெற்று நான் பார்த்ததில்லை. உங்கள் குழுவின் எண்கள் வேறாக இருக்கலாம். அவற்றைப் போட்டுப் பாருங்கள், ஒப்பீடு அதே திசையில்தான் போகும்.

பலரும் முதலில் எடுக்கும் வழி, ஆறு நாடகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வார இறுதி, மூன்று காட்சிகள். அறிவிப்பில் பார்க்க இதுதான் செழிப்பாக இருக்கும். ஒரு சோகம், ஒரு நகைச்சுவை, ஒரு துப்பறியும் கதை, புதிதாக எழுதிய ஒரு பிரதி என்று எல்லா ருசிக்கும் இடம் உண்டு. ஆறு பேருக்கு இயக்கும் வாய்ப்பு கிடைக்கும். நடிகர்கள் அதிகமாகவும் அனுபவம் குறைவாகவும் உள்ள ஒரு குழுவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. புதியவர் ஒருவர் மேடையேற அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. மொத்தம் 18 காட்சிகள், 1,440 நாற்காலிகள். அதற்கு ஒத்திகை 144 மாலைகள். ஆறு முறை ஆறு வாரம் என்றால் 36 வாரம், நம்மிடம் இருப்பது 34. ஆகவே ஒரு நாடகம் மேடையில் இருக்கும்போதே அடுத்ததற்கு ஒத்திகை ஓட வேண்டும், இல்லையென்றால் ஒத்திகையைக் குறைக்க வேண்டும். நடைமுறையில் இரண்டும் நடக்கும். நான் இருந்த ஒரு குழுவில் ஒரு வருடம் இப்படி ஆறு போட்டோம். நான்காவது நாடகத்தின் முதல் காட்சியில் எங்கள் மூத்த நடிகர் ஒருவர் வசனம் வராமல் நின்றுவிட்டார். வசனம் மறக்கிறவரே இல்லை அவர். முந்தைய நாடகத்தின் வரிகள் இன்னும் நாக்கிலேயே இருந்தன என்று அப்புறம் சொன்னார். அன்று அவர் கண் கலங்கியதை நான் மறக்கவில்லை. அவரை அந்த நிலைக்குத் தள்ளியது நாங்கள் போட்ட அட்டவணை.

ஒத்திகைக் குறைவு பெரியவர்களையும் விட்டுவைத்ததில்லை. ரஷ்ய நாடக ஆசிரியர் செகாவின் ‘கடற்பறவை’ 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் முறை மேடையேறியபோது அரைகுறை ஒத்திகையோடுதான் போனது. முதல் நாள் கூட்டம் கேலி செய்து கூச்சல் போட்டது. இனி நாடகமே எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு செகாவ் ஊரை விட்டுப் போனார். 1898இல் மாஸ்கோ கலை அரங்கம் அதே நாடகத்தைப் பொறுமையாக ஒத்திகை பார்த்துப் போட்டபோது பெரிய வெற்றி. இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பீட்டர்ஸ்பர்க்கிலேயே அடுத்தடுத்த காட்சிகளுக்கு வந்தவர்கள் நாடகத்தை நல்லபடியாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஒரு நாடகத்துக்கு இருந்தால்தான் இப்படி நடக்க முடியும்.

ஒரே வார இறுதியின் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கலும் இதுவே. சனிக்கிழமை நாடகம் பார்த்தவர் திங்கட்கிழமை வேலை இடத்தில் அதைப் பற்றிச் சொல்வார். கேட்டவர் வீட்டில் பேசி, நாள் பார்த்து, அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று நினைப்பார். அவர் வந்து சேரும்போது செட்டைப் பிரித்திருப்போம். சிறிய அரங்குக்கு விளம்பரத்தில் கொட்டப் பணம் கிடையாது, பார்த்தவர் வாய்தான் விளம்பரம். அந்தப் பேச்சு ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய், ஒரு டிக்கெட்டாகத் திரும்பி வர ஒரு வாரமாவது வேண்டும். ஆறு நாடகத் திட்டத்தில் அந்த ஒரு வாரம் எந்த நாடகத்துக்கும் இல்லை. ஐரிஷ் எழுத்தாளர் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம் 1953 ஜனவரியில் பாரிஸில் ஒரு சிறிய அரங்கில்தான் தொடங்கியது. பாதியில் எழுந்து போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் திட்டியதும் மற்றவர்கள் புகழ்ந்ததும் சேர்ந்துதான் ஊரை உள்ளே இழுத்தது. மூன்றே நாள் ஓடியிருந்தால் அந்தப் பேச்சு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?

இரண்டாவது வழிக்கு வருகிறேன். மூன்று நாடகங்கள், ஒவ்வொன்றும் மூன்று வார இறுதிகள். 27 காட்சிகள், 2,160 நாற்காலிகள், ஒத்திகை 72 மாலைகள். அதாவது பாதி உழைப்பில் ஒன்றரை மடங்கு காட்சிகள். ஒத்திகைக்கு ஆறு, மேடைக்கு மூன்று என்று நாடகத்துக்கு ஒன்பது வாரம் வைத்தால் மொத்தம் 27 வாரம் போக ஏழு வாரம் மிச்சம். அந்த ஏழு வாரத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். யாருக்காவது காய்ச்சல் வரும், யாருக்காவது வேலை மாறும், மேடைப் பலகை ஒன்று உடையும். இந்த இடைவெளி இல்லாத அட்டவணை முதல் தும்மலிலேயே சரிந்துவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்த பலன் நடிப்பில் தெரிவது. முதல் வாரம் நடிகர் தன் வரிகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். இரண்டாவது வாரம்தான் எதிரில் நிற்பவர் பேசுவதை உண்மையிலேயே கேட்கத் தொடங்குவார். எண்பது பேர் அரங்கில் முன்வரிசைக்கும் நடிகருக்கும் நடுவில் இரண்டடி இருந்தால் அதிகம், அந்தக் கேட்டல் அவ்வளவும் தெரியும். ஒன்பதாவது காட்சியில் ஒரு மௌனம் எங்கே விழுகிறது என்பதை முதல் காட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதில் ஆபத்தும் உண்டு. ஒரு நாடகம் எடுபடவில்லை என்றால் மூன்று வாரம் அதோடு வாழ வேண்டும். பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் எண்பது நாற்காலி அரங்கில் ஒன்பது மாலைகள் நடிப்பது மனதை அரிக்கும் வேலை. ஒன்பது காட்சி என்றால் நாடகத்துக்கு 720 நாற்காலிகள். உங்கள் அரங்குக்கு வழக்கமாக வருகிறவர்கள் 250 பேர்தான் என்றால், அவர்கள் அத்தனை பேரும் வந்தாலும் நாளொன்றுக்கு 28 பேருக்கு மேல் தேறாது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வாரத்தை விடாதீர்கள், வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு காட்சி, மொத்தம் ஆறு. பேச்சு பரவ வேண்டிய வாரங்கள் அப்படியே இருக்கும், காலி நாற்காலி குறையும்.

மூன்றாவது வழிதான் நிறைய யோசிக்க வைப்பது. இரண்டு நாடகங்களை ஒன்றாகத் தயாரித்து, மாறி மாறி மேடையேற்றுவது. ரெப்பர்ட்டரி என்பார்கள். பன்னிரண்டு வாரம் இரண்டுக்கும் ஒத்திகை, பிறகு எட்டு வாரம் இரண்டும் மேடையில். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு காட்சிகள், சேர்ந்து 24. ஆக இருபது வாரம். மீதி 14 வாரத்தில் மூன்றாவதாக ஒரு நாடகத்தைச் சாதாரண முறையில் ஒன்பது வாரத்தில் முடித்தால், ஐந்து வாரம் கையில் நிற்கும். மொத்தம் 33 காட்சிகள், 2,640 நாற்காலிகள். ஒத்திகை மாலைகள் அதே 72தான். காகிதத்தில் இந்த வழி மற்ற இரண்டையும் தாண்டிவிடுகிறது. பேச்சு பரவ ஒரு வாரம் இல்லை, இரண்டு மாதம் கிடைக்கிறது. ஒரு நாடகம் பிடித்தவர் மற்றதற்கும் வருகிறார். முதலில் தந்தையாகப் பார்த்த நடிகரை அடுத்த வாரம் வேலைக்காரராகப் பார்ப்பதில் பார்வையாளருக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. அவர்களை உங்கள் அரங்கின் சொந்தக்காரர்களாக மாற்றுவது அந்தச் சந்தோஷம்தான்.

காகிதத்தில் தெரியாதது மேடைக்குப் பின்னால் இருக்கிறது. முதல் நாடகத்தின் செட்டை எங்கே வைப்பது? பெரிய அரங்குகளில் அதற்கென்றே கிடங்கு இருக்கும். சிறிய அரங்கில் ஒப்பனை அறையே நடைபாதை அளவுதான். லைட் விஷயம் இன்னும் கடினம். பத்துப் பன்னிரண்டு விளக்குகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஏணி போட்டு அத்தனையையும் திருப்பி வைக்க ஒரு முழு மாலை போய்விடும். எட்டு வாரம் அப்படிச் செய்தால் லைட் பார்ப்பவர் ஒன்பதாவது வாரம் வரமாட்டார்.

ஆகவே இந்த வழியை எடுப்பவர்கள் இரண்டு நாடகத்துக்கும் பொதுவான ஓர் அடிப்படை மேடையை முதலிலேயே வரைந்துவிட வேண்டும். ஓர் உயர்ந்த தளம், இரண்டு வாசல், ஒரு மேசை, நான்கு நாற்காலி. விளக்குகளும் ஒரே இடத்தில் நிற்கட்டும், எது எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்பது மட்டும் மாறட்டும். மேசை விரிப்பையும் வாசல் திரையையும் மாற்றினால் வேறு வீடு. இதற்கு ஒத்துவராத நாடகத்தை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மூன்றாவது இடத்துக்குத் தள்ளுங்கள். அப்புறம், நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது என்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ஒரு வாரம் ஓய்ந்திருந்த நாடகத்தை மறுபடி மேடையேற்றும் முன், வியாழக்கிழமை மாலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வசனங்களை வேகமாக ஒரு முறை ஓட்டிவிட வேண்டும். ஒரு மணி நேர வேலைதான். அதைச் செய்யாத வாரம் வெள்ளிக்கிழமை முதல் அங்கம் தள்ளாடும்.

ஆறு நாடகத் திட்டத்தில் வசனம் குழம்பியது என்றேனே, இங்கே குழம்பாதா என்று கேட்கலாம். நான் பார்த்தவரை குறைவு. ஒன்றை மறந்துவிட்டு அடுத்ததைப் படிக்கும் அவசரம் இங்கே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பன்னிரண்டு வாரம் படிக்கிறார்கள். இரண்டும் இரண்டு தனி வீடுகள்போல மனதில் நின்றுவிடுகின்றன. ஆனால் ஒரே ஆறு பேர் இரண்டிலும் இருந்தால், ஒருவர் படுத்துவிட்டால் இரண்டும் நின்றுவிடும். ஒரு நாடகமாவது மூன்று நான்கு பேரோடு முடிவதாக இருக்க வேண்டும். அப்போது பெரிய நாடகத்தில் ஒருவர் வர முடியாமல் போனாலும், அந்த வாரம் சின்ன நாடகத்தைப் போட்டு அரங்கைத் திறந்து வைக்கலாம். பாரிஸில் ஹ்யூஷெத் என்ற, நூறு பேர்கூட உட்கார முடியாத அரங்கில் நாடக ஆசிரியர் அயனெஸ்கோவின் இரண்டு சிறு நாடகங்களை 1957 பிப்ரவரி முதல் நடத்திவருகிறார்கள். ஒரே நடிகர்களை நம்பி அப்படி ஓட்ட முடியாது. பாத்திரங்களைப் பல நடிகர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நமக்கு அத்தனை பேர் இல்லை. ஆனாலும் முக்கியமான ஒரு பாத்திரத்துக்காவது மாற்று ஆள் ஒருவர் வசனத்தோடு தயாராக இருப்பது நம்மாலும் முடியும்.

இனி எந்த நாடகம் என்ற பேச்சு. இதில் நான் பார்ப்பது மூன்றே விஷயம்: எத்தனை பேர், எத்தனை இடம், யாருடைய உரிமை.

சிறிய அரங்கைக் குறை என்று நினைத்துப் பெரிய நாடகத்தைச் சுருக்கிப் போடுவதைவிட, சின்ன அறைக்கென்றே எழுதப்பட்டதை எடுப்பது நல்லது. ஸ்வீடன் நாடக ஆசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1888இல் ‘மிஸ் ஜூலி’யை எழுதியபோது அதன் முன்னுரையிலேயே சிறிய மேடையும் சிறிய அரங்கும் வேண்டும் என்று கேட்டார். பேசும் பாத்திரங்கள் மூன்று, இடம் ஒரு சமையலறை, இடைவேளை கிடையாது. அவர் ஆசைப்பட்ட அரங்கம் 1907இல் ஸ்டாக்ஹோமில் திறந்தது, 161 இருக்கைகளோடு. மூன்று பேர் நாடகம் என்பதால் எளிது என்று எண்ண வேண்டாம். ஒளிந்துகொள்ள இடமில்லாத நாடகம் அது. ஆனால் ரெப்பர்ட்டரியில் அந்தச் ‘சின்ன நாடகம்’ இடத்துக்கு இதுபோன்றதுதான் பொருந்தும்.

ஆள் அதிகமுள்ள நாடகத்தை அடியோடு ஒதுக்கவும் தேவையில்லை. பழைய ஏதென்ஸில் ஒரு சோக நாடகத்தின் பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் மூன்று நடிகர்களே முகமூடி மாற்றிப் பகிர்ந்துகொண்டார்கள், கூட ஒரு பாடகர் குழு இருக்கும். ‘அன்டிகனி’யும் அப்படி நடிக்கப்பட்டதுதான். ஒருவரே இரண்டு வேடம் போடுவது சிறிய அரங்கில் பார்வையாளருக்கு உறுத்துவதில்லை. யார் யாரோடு ஒரே காட்சியில் வருகிறார்கள் என்று ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். பதினைந்து பாத்திரம் ஏழு பேருக்குள் அடங்குவது பல முறை தெரியவரும். உடை மாற்ற எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதையும் அதே கட்டத்தில் குறித்துவிடுங்கள்.

உரிமை விஷயத்தில் பலர் தடுக்கி விழுவது மொழிபெயர்ப்பில். நார்வே நாடக ஆசிரியர் இப்சன் 1906இல் இறந்தார். 1879இல் வந்த ‘பொம்மை வீடு’ மூலத்துக்கு இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பு நேற்று வந்ததாக இருக்கலாம், அதன் உரிமை மொழிபெயர்த்தவருடையது. எழுதியவர் இறந்து 50, 60, 70 ஆண்டுகள் என்று நாட்டுக்கு நாடு காலம் மாறும். உரிமை உள்ள நாடகம் என்றால் அனுமதி கிடைத்த பிறகுதான் அறிவிப்பு. அனுமதியோடு நிபந்தனையும் வரும். பெக்கெட் தன் மேடைக் குறிப்புகளை மாற்றக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார், அவருக்குப் பின் உரிமையைப் பார்த்துக்கொள்பவர்களும் அப்படியே. ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றுவது, காட்சியை வெட்டுவது போன்ற யோசனைகள் இருந்தால் வேறு நாடகத்தைப் பாருங்கள்.

புதிய பிரதிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, எழுதியவர் ஒத்திகையிலேயே இருப்பார். அரங்கை நிரப்புவது மட்டும் கடினம். என் யோசனை, முழுநீளப் புதிய நாடகத்துக்கு முன்னால் ஓர் ஓரங்க நாடக மாலை. தெரிந்த பெயர் ஒன்றும் புதிய பெயர் ஒன்றும் ஒரே டிக்கெட்டில் வரட்டும். ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் ‘வலிமை மிக்கவள்’ நாடகத்தில் இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவர்தான் பேசுவார். செகாவின் ‘பெண் கேட்டல்’ மூன்று பேரோடு சிரிக்க வைத்து முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் குழுவில் ஒருவர் எழுதிய அரைமணி நேர நாடகத்தை வைத்துப் பாருங்கள். கனமானது முதலில், சிரிப்பு கடைசியில். ஏதென்ஸ் திருவிழாவில் ஒரு கவிஞரின் மூன்று சோக நாடகங்களுக்குப் பின் கூத்தும் கேலியுமாக ஒரு சாட்டிர் நாடகம் வைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது.

சரி, எதை எடுப்பது? தொடங்கி ஓரிரு வருடமே ஆன, நிறையப் புதியவர்கள் உள்ள குழு என்றால் மூன்று நாடகத் திட்டம்தான், தயங்கவே வேண்டாம். நடுவில் வரும் இரண்டாவது நாடகம் இந்த ஓரங்க மாலையாக இருக்கட்டும். ஆறு நாடகம் தரும் வாய்ப்புகளில் பெரும்பகுதியை அந்த ஒரு மாலை தந்துவிடும், மூன்று இயக்குநர்கள், ஏழெட்டு நடிகர்கள். இரண்டு சீசன்களாவது சேர்ந்து வேலை செய்தவர்கள், ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கத் தெரிந்தவர்கள் என்றால், மாறி மாறி இரண்டு என்ற வழிக்குத் துணியலாம். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆறு நாடகத்தை ஒரே ஒரு சூழ்நிலையில் ஏற்பேன்: வேறு வேறு ஊர்க் குழுக்கள் ஆறு வந்து ஆளுக்கொன்று போடுவதானால். அப்போது 144 மாலைகள் ஒரே பன்னிரண்டு பேர் தலையில் விழாது.

எந்த வழியானாலும், எல்லா நாடகத்துக்கும் சேர்த்து ஒரே சீசன் டிக்கெட் விற்கும் முன் இரண்டாவது நாடகத்தை அரங்கிலேயே ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். முதல் நாடகத்தை எல்லோரும் மனசார விரும்பித்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அதைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டாவது, பெரும்பாலும், கூட்டம் களைத்துப்போன நேரத்தில் சரி இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டதாக இருக்கும். சீசன் டிக்கெட் வாங்கியவர் மூன்றாவதற்கு வருவாரா என்பதும் அதில்தான் இருக்கிறது. கடிகாரம் வைத்துக்கொண்டு வாசியுங்கள், வாசிக்காதவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். நாற்பதாவது நிமிடத்தில் அவர்கள் இன்னும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், டிக்கெட் அச்சடிக்கக் கொடுத்துவிடலாம்.